பொட்டும் பெட்டிசமும்

வயதுபோன எங்களுக்கும் வாசல் திறந்து, வாவிக்கரைத் தொழிற்பயிற்சி நிலையத்தை வளர்த்தெடுத்து, இன்றைய விழாவுக்குத் தலைமை தாங்கி அமர்ந்திருக்கும் பெருமதிப்புக்குரிய சீனித்தம்பி ஐயா அவர்களே. செம்போடு செம்பை ஒட்டும் வித்தையைச் சினமில்லாமல் சொல்லித்தந்த ஹமீட் ஆசிரியர் அவர்களே. அமிர்தகழியிலிருந்தும் ஆரையம்பதியிலிருந்தும் வெயிலைப் பாராமல் வந்திருக்கும் பெரியோர்களே. உன்னிச்சைப் பக்கத்து வயல் வட்டைகளில் வேலையை விட்டுவிட்டு வந்து பின்னால் நிற்கும் உழவர் பெருமக்களே. என்னைவிட நல்ல சேலை உடுத்து முன்வரிசையில் வீற்றிருக்கும் அன்புத் தாய்மாரே. இந்த ஆண்டுப் பயிற்சிக்குப் படிவமும் கையுமாக வந்திருக்கும் சகோதர சகோதரிகளே, எல்லோருக்கும் நாவற்குடா மங்கையற்கரசியின் பணிவான வணக்கம்.

சேலையைச் சொன்னதும் சிரிக்கிறீர்கள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை. மேடைக்கு ஏறும்போது அந்த மூன்றாம் கதிரை அக்காவின் சேலைக் கரையைப் பார்த்தேன், வயிறு எரிந்தது. ஓம் அக்கா, உங்களைத்தான் சொல்றன், மறைக்காதீங்க. என் பிறவிக் குணம் அது.

அழைப்பிதழில் என்னைச் “சாதனைப் பெண்” என்று அச்சடித்திருக்கிறார்கள். வளர்ந்தோர் தொழிற்கல்வியில் உதவிப் பணத்தின் பங்கு என்று தலைப்பும் தந்திருக்கிறார்கள். என்னை இந்த மேடைக்கு ஏற்றிவிட்டது எது? அறிவா? ஆற்றலா? அயராத உழைப்பா? அவையெல்லாம் என்னைவிட அதிகம் உள்ளவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். என்னை ஏற்றியது இரண்டு. ஒன்று, இந்த நிலையம் மாதாமாதம் தந்த கொடுப்பனவு. மற்றது, என் பொறாமை. முதலாவதைப் பற்றிப் பேசத்தான் அழைத்தீர்கள். இரண்டாவதை விழுங்கிவிட்டு முதலாவதைப் பேச எனக்கு வாய் வரவில்லை.

கடல் எழுந்து வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை நாவலடியில் என் வீடு போனது, என் மனுசன் போனார். மூன்றாம் நாள் அவரைக் கண்டெடுத்தேன். உடுத்திருந்த சாரத்தைக் கொண்டுதான் அடையாளம் பிடித்தேன். அடக்கம் செய்தேன், மரணச் சான்றிதழ் எடுத்தேன், பொட்டை அழித்தேன். இரண்டு பிள்ளைகளோடு முகாமில் கிடந்து, பிறகு நாவற்குடாவில் ஓர் அறைக்குள் ஒதுங்கி, வாவிக்கரை மீன்வாடியில் மீன் வெட்டினேன். வாடியில் பிறீசர் பழுதானால் அதைத் திருத்துகிற பாஸ் ஒருவர் வருவார். அரை மணித்தியாலம் குனிவார், நிமிர்வார், நான் ஒரு கிழமை மீன் வெட்டி உழைப்பதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போவார். அவர் கையில் இருக்கிற கருவியைப் பார்ப்பேன், என் கையில் இருக்கிற கத்தியைப் பார்ப்பேன், எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

யுத்தம் முடிந்து அடுத்த வருடம் இந்த நிலையத்தின் அறிவித்தலை வாடிச் சுவரில் ஒட்டினார்கள். குளிர்சாதனப் பெட்டி திருத்தும் பயிற்சி, ஆறு மாதம். நாற்பத்தைந்து வயது வரை சேரலாம். கணவனை இழந்த பெண்களுக்குப் பத்து இடம். அவர்களுக்கு பஸ் காசு, கருவிப் பெட்டி, மாதக் கொடுப்பனவு.

அன்பர்களே, வளர்ந்த ஒருத்தி வகுப்புக்கு வர என்ன வேண்டும்? பத்து வயதுப் பிள்ளை பள்ளிக்குப் போனால் தாய் அடுப்பெரிப்பாள். நாற்பது வயதுத் தாய் பள்ளிக்குப் போனால் அடுப்பெரிப்பது யார்? வாடிக்குப் போகாத நாளுக்குக் கூலி தருவது யார்? பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மருந்துக்குக் கொடுப்பது யார்? படிக்க வயது தடையில்லை என்று மேடைதோறும் முழங்குகிறோம். வயது தடையில்லைதான், வாடகை தடை. வயது தடையில்லைதான், வயிறு தடை. அந்தத் தடையைத் தூக்கி ஓரமாக வைக்கும் கைதான் உதவிப் பணம். அதைப் பிச்சை என்று ஏளனம் செய்கிறவர்களை ஒரு மாதம் கூலி இல்லாமல் வகுப்பில் உட்காரச் சொல்லுங்கள்.

நேர்முகப் பரீட்சை முடிந்து பட்டியல் போட்டார்கள். பத்தாவது பேர், தக்ஷாயினி. காத்திருப்போரில் முதலாவது, மங்கையற்கரசி.

யார் அந்தத் தக்ஷாயினி? வாகரைப் பக்கத்துப் பெண். சண்டை நேரம் ஊரே இடம்பெயர்ந்தபோது, அரிசி வாங்கிவருகிறேன் என்று போன புருசன் உதயரூபன் திரும்பவில்லை. செங்கலடியில் உறவுக்காரர் வீட்டில் இருந்தாள். கிராம சேவகர் கொடுத்த கடிதத்தை நம்பி நிலையம் அவளை எடுத்தது. நியாயம்தானே? நியாயம்தான். ஆனால் அவள் நெற்றியில் பொட்டு இருந்தது. கழுத்தில் தாலி இருந்தது.

நான் பொட்டை அழித்துவிட்டு வெளியே நிற்கிறேன், அவள் பொட்டோடு உள்ளே இருக்கிறாள். எப்படி இருக்கும் எனக்கு? இடம் போனதுக்கு மட்டும் எரிந்தேன் என்று சொன்னால் அது பொய். வாசல் படலைச் சத்தம் கேட்டு அவள் திரும்பிப் பார்த்தால், அவளுக்கு வர ஆள் இருக்கலாம். எனக்கு வரமாட்டார், நானே அடக்கினவள். அந்தப் பொட்டைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

போட்டேன் ஒரு பெட்டிசம். உதவி தருகிற இடத்துக்குப் பேர் போடாத முறைப்பாட்டுக் கடிதம். இடக்கையால் எழுதினேன். இந்த ஊர் முத்திரை விழக்கூடாது என்று களுவாஞ்சிக்குடிக்கு பஸ் ஏறிப்போய்த் தபாலில் போட்டேன். “இவவுக்குப் புருசன் இருக்கிறான். கட்டாரில் வேலை செய்து காசு அனுப்புகிறான். நம்பாவிட்டால் நெற்றியைப் பாருங்கள்” என்று எழுதினேன். கட்டாரும் பொய், காசும் பொய். பொட்டு ஒன்றுதான் உண்மை.

ஏன் இப்ப ஆளையாள் பாக்கிறீங்க? நீங்க ஒருத்தரும் பெட்டிசம் போட்டதில்லையா? சரி, நான் என் கதையை மட்டும் சொல்கிறேன்.

கொடுப்பனவு நின்றது. உதவி தருகிற இடத்திலிருந்து, கணவரின் மரணச் சான்றிதழ் வேண்டும் என்று கேட்டு எழுதினார்கள். அவள் கொடுக்கவில்லை. பஸ் காசு இல்லாமல் செங்கலடியிலிருந்து சைக்கிள் மிதித்து வந்தாள். ஒரு மாதம் வந்தாள். பிறகு வரவில்லை. அடுத்த திங்கட்கிழமை எனக்குக் கடிதம் வந்தது. அவள் இருந்த கதிரையில் இருந்தேன். அவளுக்குக் கொடுத்த கருவிப் பெட்டியை எனக்குக் கொடுத்தார்கள். மூடியில் அவள் பேர் இருந்தது, நான் கத்தியால் சுரண்டினேன்.

இனித் தலைப்புக்கு வருகிறேன். உதவிப் பணம் என்ன செய்யும் என்று என்னைக் கேளுங்கள். முதல் மாதம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள், நானும் போனேன், மூன்று பேரும் ஒரே நேரத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு இறங்கினோம். இரண்டாம் மாதம் சின்னவனுக்குக் காய்ச்சல், மருந்தெடுத்துக் கொடுத்துவிட்டு வகுப்புக்கு வந்தேன். நான்காம் மாதம் வாடி முதலாளி நாட்கூலியைக் கூட்டித் தருகிறேன் வா என்று கூப்பிட்டார், வரவில்லை என்று சொல்ல எனக்குத் துணிவு இருந்தது. அந்தத் துணிவு என் சொத்தா? இல்லை, மாதம் பிறந்தால் கைக்கு வரும் என்று தெரிந்த பணம் தந்த துணிவு. பரீட்சையில் தேறி, தகைமைச் சான்றிதழ் வாங்கி, நாவற்குடாச் சந்தியில் கடை போட்டு, இன்றைக்குப் “பிறிட்ஜ் பாஸ் அக்கா” என்று ஊர் கூப்பிடுகிறது.

ஒருநாள் ஹமீட் சேரிடம் சும்மா கேட்டேன், எங்கட வகுப்பில் ஆர் சேர் நல்லாச் செய்தது என்று. என்னைச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் சொன்னார், “இடையில நிண்ட தக்ஷாயினிதான். முதல் நாளே செப்புக் குழாய ஒட்டினா, ஒரு பொட்டு காஸ் ஒழுகல்ல. நீங்க மூணுதரம் ஒழுக விட்டீங்க.” அன்றைக்குச் சோறு இறங்கவில்லை எனக்கு. ஆனால் அந்தக் கணக்கை நீங்களே பாருங்கள். அவள் கை என்னைவிட நல்ல கை. அவள் சைக்கிள் மிதித்த தூரம் நான் மிதிக்காத தூரம். நான் மேடையில், அவள் மீன்வாடியில். எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் அந்த மாதக் கொடுப்பனவு, வேறொன்றும் இல்லை.

ஓம், மீன்வாடியில்தான். போன மாதம் என் பழைய வாடிக்குப் பிறீசர் பார்க்கப் போனேன். நான் நின்று மீன் வெட்டின அதே இடத்தில் அவள் நின்று வெட்டுகிறாள். கையைக் கழுவிவிட்டு வந்து எனக்கு டோர்ச் பிடித்தாள். நான் சவர்க்கார நுரையைப் பூசிப் பூசி ஒழுக்குத் தேடுகிறேன். அவள் குனிந்து பார்த்துவிட்டுச் சொல்கிறாள், “அங்க இல்ல அக்கா, பின்னால அந்த வளைவில பாருங்க.” அங்கேதான் இருந்தது. நன்றி வரவேண்டிய நேரத்தில் எனக்கு எரிச்சல் வந்தது.

அதுக்கு மறுகா அவளாகவே கதை சொன்னாள். அதை அவள் சொன்ன மாதிரியே சொல்கிறேன், கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

“செத்துட்டார் எண்டு கையெழுத்து வெச்சா சான்றிதழ் கிடைக்கும், காசும் தாறம் எண்டாங்க அக்கா. எப்படிகா வெக்கிற? நான் வெச்சா நானே முடிச்ச மாதிரி.”

“பெட்டிசம் போட்ட ஆளில கோவம் இல்லையா புள்ள?” என்று கேட்டேன்.

“கோவமா? அந்த ஆளத்தான் நான் ரெண்டு வருசமாத் தேடுறன். அவர் கட்டார்ல இரிக்கார் எண்டு எழுதியிரிக்கு. கண்டவங்கதானே எழுதுவாங்க? எங்க கண்ட, மெலிஞ்சு போனாரா, என்ன வேல செய்றார் எண்டு கேக்கணும். அவ்வளவுதான்.”

ஐயா, பிறீசருக்குள் தலையை வைத்துக்கொண்டு நின்றேன். அவள் இடத்தைப் பறித்தேன், அது போகட்டும். என் பொய்யை அவள் நம்பிக்கையாக எடுத்துக்கொண்டு, கட்டாரிலிருந்து லீவில் வந்தவர்களின் வீடுவீடாகப் போய்ப் படத்தைக் காட்டிக் கேட்டிருக்கிறாள்.

அதற்குப் பிறகு மூன்று முறை அவள் வீட்டுப் படலை வரைக்கும் போய்த் திரும்பினேன். தனியே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கட்டார்க் காசை ஒளித்து வைத்துக்கொண்டு விதவைப் பணம் எடுத்தவள் என்று ஊரே அவளைக் கதைத்தது. ஊருக்கு முன்னால் கெட்ட பேரை ஊருக்கு முன்னால்தான் எடுக்க வேண்டும்.

அவள் இந்த மண்டபத்தில் இருக்கிறாள். கடைசி வரிசை, கதவோரம். படிவம் நிரப்பு என்று நான்தான் நெருக்கினேன். நாற்பத்தைந்து வயது அவளுக்கு, அடுத்த பயிற்சி வரும்போது வயது கடந்துவிடும். படிவம் இன்றைக்கு நாலு மணியோடு முடிகிறது. அதில் அந்த வரி இன்னும் கிடக்கிறது, கணவரின் மரணச் சான்றிதழை இணைக்கவும் என்று.

தக்ஷாயினி, புள்ள, கேள். பெட்டிசம் போட்டது நான். கட்டார் பொய். நான் அவரைக் காணவில்லை. ஒருத்தரும் கண்டு எனக்குச் சொல்லவும் இல்லை. உன் பொட்டைப் பார்த்து எரிந்து எழுதினேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை, கேட்க எனக்கு முகம் இல்லை.

இருங்கள், சத்தம் போடாதீர்கள். ஏசுகிறவர்கள் பிறகு ஏசலாம். சீனித்தம்பி ஐயா, உங்களிடம் கேட்கிறேன். புருசன் செத்தாரா, இருக்கிறாரா என்று கேட்டுத்தான் ஒரு பெண்ணுக்குப் படிப்பைக் கொடுக்க வேண்டுமா? வீட்டுக்கு வருமானம் இருக்கிறதா என்று கேளுங்கள். வகுப்புக்கு வருவாளா என்று கேளுங்கள். வந்தால் முடிப்பாளா என்று ஹமீட் சேரைக் கேளுங்கள். சாவைக் கேட்காதீர்கள். இந்த மாவட்டத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத வீடுகள் எத்தனை?

என்ன ஐயா? மேலிடத்தைக் கேக்கணுமா? கேளுங்க, நான் இறங்கமாட்டன். சாட்சி வேணுமெண்டா என் பேர், விலாசம், இப்பவே எழுதித் தாறன். பொய் சொல்லி எடுத்த இடம் எண்டு என் சான்றிதழ வாங்கி வைக்கிறதெண்டாலும் வையுங்க, பையிலதான் இரிக்கு.

தலையாட்டுகிறார். தலையாட்டினால் கடைசி வரிசைக்குத் தெரியாது ஐயா, ஒலிவாங்கியில் சொல்லுங்கள்.

கேட்டீர்களா? “அந்த வரி இல்லாமலே எடுங்க ஹமீட், மேலிடத்துக்கு நான் பதில் சொல்றன்” என்கிறார். கை தட்டாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். அவள் எழும்புகிறாள். கதவுப் பக்கம் திரும்புகிறாள். போகாதகா. என்னோட கோவம் எண்டா என்னோட வைச்சுக்கொள், படிவத்தோட வைக்காத.

வருகிறாள். வழி விடுங்கள். என்னைத் தாண்டித்தான் ஹமீட் சேரின் மேசைக்குப் போகிறாள், என் பக்கம் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியதும் இல்லை. கணவர் விபரம் என்ன போட என்று சேர் கேட்கிறார். பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது, நான் சொல்கிறேன். “தேடுறன் எண்டு எழுதுங்க சேர்” என்கிறாள்.

சபையோரே, இப்போதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது. எனக்குத் தேட ஆள் இல்லை. ஆறு மாதத்தில் அவள் என்னைவிட நல்ல பாஸாக வருவாள், என் வாடிக்கைக்காரர் பாதிப்பேர் அவளிடம் போவார்கள், அதற்கும் நான் எரிவேன். எரிந்துகொண்டே சொல்கிறேன், அவளுக்கு முதல் மாதக் கொடுப்பனவு ஒரு நாள்கூடப் பிந்தக் கூடாது.

பத்து நிமிடம் தந்தீர்கள், அரை மணித்தியாலம் எடுத்துவிட்டேன். பொறுமையோடு கேட்ட தலைவருக்கும், தாய்மாருக்கும், பெரியோருக்கும் என் நன்றி. என்னை ஏச வேண்டியவர்கள் நாவற்குடாச் சந்திக்கு வாருங்கள், கடை ஏழு மணி வரைக்கும் திறந்திருக்கும். வணக்கம்.