சப்போர்ட்டின் அப்பா

விளையாட்டு மேல் எனக்கு விரோதம் எதுவும் இல்லை, சார். கம்ப்யூட்டரில் போட்டி போடுகிறவர்களை வேனில் ஏற்றி இறக்குவதுதான் என் பிழைப்பு. அதற்கு முன்னால் ஸ்கூல் வண்டி ஓட்டினேன். அந்தப் பிள்ளைகள் காது கிழியக் கத்தும். இவர்கள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு பேசாமல் வருவார்கள். எனக்கு இதுவே தேவலை என்று இருந்தது.

போட்டி அரங்கில் பின்வரிசையில் உட்கார்ந்து எல்லா வகையும் பார்த்திருக்கிறேன். துப்பாக்கி விளையாட்டு நேர்மையானது. பார்த்ததும் சுட வேண்டும், சுடாதவன் செத்தான். ஒண்டிக்கு ஒண்டி அடித்துக்கொள்வது இன்னும் நேர்மை. தோற்றவன் யார் மேலும் பழி போட முடியாது. கார் ரேஸ் பற்றிப் பேசமாட்டேன். இண்டிகேட்டர் போடாமல் திரும்புகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. கால்பந்தை வெளியே போய் விளையாடலாம், கரண்டாவது மிச்சமாகும்.

கோட்டை விளையாட்டுதான் என் கண்ணை உறுத்தியது. பக்கத்துக்கு ஐந்து பேர், எதிராளி கோட்டையை உடைக்க வேண்டும். ஐந்து பேரும் ஒரே மாதிரி சண்டை போட்டால் எனக்குப் பேச்சே இல்லை. ஆனால் ஒருத்தனுக்குக் கேரி என்று பேர். கொல்வதெல்லாம் அவன், கைதட்டெல்லாம் அவனுக்கு. இன்னொருத்திக்கு சப்போர்ட் என்று பேர். அவன் காயத்தை ஆற்ற வேண்டும், அவன் போகிற வழிக்கு வெளிச்சம் வைக்க வேண்டும், அவன் மேல் அடி விழ வந்தால் குறுக்கே போய் விழ வேண்டும். அந்த இன்னொருத்தி என் மகள்.

கேரியை எல்லோரும் ஊசி என்பார்கள், உடம்பு அப்படி. என் மகளை அக்கா என்றுதான் கூப்பிடுவான். மரியாதைக்குக் குறைச்சல் இல்லை. அதனால்தான் அவனை நம்பவில்லை. ஃபைனலுக்கு முதல் நாள் பின்சீட்டிலிருந்து சொன்னான்:

"அக்கா, நாளைக்கு அவனுங்க கூட்டமா பாஞ்சா நீங்க முன்னாடி போய் செத்துடுங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

"செத்துடறேன்டா. நீ வேடிக்கை பாத்துட்டு நிக்காம இருந்தா சரி."

வேன் முழுக்கச் சிரித்தது. கண்ணாடியில் பார்த்தேன். என் மகளும் சிரித்தாள்.

எவனோ பேர் வாங்குவதற்கு நீ எதற்குச் சாக வேண்டும் என்று வீட்டில் கேட்டேன். என் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பா, அந்த டீமுக்கு நான்தான் கேப்டன். எங்க அடிக்கணும், எப்ப ஓடணும், எல்லாம் நான் சொல்றதுதான். நான் சொல்லாம ஊசி ஒரு அடி எடுத்து வைக்க மாட்டான்."

கேப்டன் முதல் ஆளாகச் சாவானா, சார்? எனக்குப் படிப்பு கம்மி, புத்தி கம்மி இல்லை. பிள்ளையை நன்றாக ஏமாற்றி வைத்திருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டேன்.

என் மனைவி இருந்தவரை எல்லாம் என் கைக்கு எடுத்துக் கொடுத்தாள். நான் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் உட்காருவாள். அது குடும்பம். அதை இதோடு சேர்க்காதீர்கள்.

ஃபைனலில் ஜெயித்தால் ஒரு கம்பெனி ஐந்து பேரையும் வேலைக்கு எடுத்து, வெளியூரில் ஒரே வீட்டில் தங்கவைக்கும் என்று மகள் சொன்னாள். புதுப் பெட்டிகூட வாங்கிவிட்டாள். அங்கே யார் சமைப்பது என்று கேட்டேன். ஆள் வைப்பார்கள் என்றாள். இங்கே யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சுயநலம் என்று நீங்கள் எழுதிக்கொள்வீர்கள்.

மறுநாள் அரங்கு வாசலில் வண்டியை நிறுத்தினேன். என் வேனின் பக்கக் கதவு ஓங்கித் தள்ளினால்தான் மூடும். எல்லோரும் இறங்கிவிட்டார்கள். ஊசி மட்டும் மறந்துபோன ஹெட்போனை எடுக்கத் திரும்பி வந்தான். கதவுச் சட்டத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு உள்ளே குனிந்தான். வலது கை. மவுஸ் பிடிக்கிற கை.

"இருங்க அங்கிள், எடுத்துக்கறேன்" என்றான்.

நான் கவனிக்கவில்லை என்று முன்னால் எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். கவனித்தேன். விரல்கள் சட்டத்தில் இருந்தன. அவன் சொன்னதும் காதில் விழுந்தது. ஓங்கித் தள்ளினேன். கதவு மூடவில்லை. அதனால் இன்னொரு தரம் தள்ளினேன்.

கை பிழைக்கும், விளையாட்டுக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னாராம். ஆஸ்பத்திரியில் அவன் அம்மாவுக்கு நான்தான் டீ வாங்கிக் கொடுத்தேன். அங்கிள் பார்க்கவில்லை, பாவம் என்று ஊசியே எல்லோரிடமும் சொன்னான். பையன் மோசமில்லை.

என் மகள் மட்டும் கேட்டாள்: "ரெண்டாவது தடவ எதுக்குப்பா தள்ளின?"

உனக்காகத்தான் என்றேன். வேன் சாவியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். இன்று காலையில் வேனை அவளே ஓட்டிவந்து என்னை உங்கள் வாசலில் இறக்கிவிட்டாள்.

கோபம் ஆறிவிடும். இனி அவள் எவனுக்கும் எடுபிடி இல்லை; அதை நினைத்தால் எனக்கு நிம்மதியாக இருக்கிறது. எழுதி முடித்துவிட்டீர்கள் என்றால் அவளைக் கொஞ்சம் கூப்பிடுங்கள். சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு மாத்திரை, பின்னால் ஒன்று. எது எதற்கு என்று அவளுக்குத்தான் தெரியும், அவள்தான் உரித்துத் தருவாள். அந்தப் பெண் அப்போதே போய்விட்டது என்று உங்கள் கான்ஸ்டபிள் சொல்கிறார். அவர் சரியாகப் பார்த்திருக்க மாட்டார். பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பாள், சார். நீங்களே போய்ப் பாருங்கள்.