ஒரு சொல் சேர்த்தேன்

"நல்லதுக்குப் பொய் சொன்னா சாமி ஒரு கண்ணை மட்டுந்தானே குத்தும்ப்பா?" என்று என் மகள் சின்ன வயதில் ஒருமுறை கேட்டாள். சிரிப்பு வந்தது. ஆனாலும் கேள்வி நியாயமானது. நல்லதுக்குச் சொன்னால் சாமி கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது என்று பதில் சொன்னேன். இன்றைக்கும் அதைத்தான் நம்புகிறேன்.

பலர் சேர்ந்து வேலை செய்வதற்கான மென்பொருள்களை உருவாக்கும் குழுக்களை நடத்துவது என் தொழில். பத்துப் பேர் ஒரே கோப்பில் எழுதும் கருவியில் தொடங்கினேன். பிறகு, யார் வேலை எங்கே தேங்கி நிற்கிறது என்று நிறத்தில் காட்டும் தரவுப் பலகை. கடைசியாகக் குழுவினர் பேசிக்கொள்ளும் அரட்டைக் கருவி. இத்தனை வருடத்தில் நான் பார்த்தது ஒன்றுதான். காலையில் ஒருவர் சுள்ளென்று எழுதிய ஒரு வரி, மாலைவரை நான்கு பேரின் வேலையைக் கெடுத்துவிடும்.

அதனால் 'இதமாக்கி'யைச் செய்தேன். ஒருவர் எழுதியது மற்றவர்களிடம் போவதற்குள் அது கடுமையைக் கழித்துவிடும். எழுதியவர் திரையில் அவர் எழுதியதே இருக்கும்; படிப்பவர் திரையில் இதமானது இருக்கும். எழுதியவருக்கும் ஆறுதல், படிப்பவருக்கும் நிம்மதி. அடுத்தவர் பேச்சைத் தெரியாமல் மாற்றக்கூடாது என்று சொல்லி நிர்வாகம் அதைக் கைவிட்டது. என் குழுவுக்கு மட்டும் நான் அதை அணைக்கவில்லை.

நாங்கள் எழுதும் நிரலில் பிழை தேடும் டெஸ்டர் நல்ல பெண், வாய்தான் கொஞ்சம் நீளம். "இதை எழுதினது கையா, காலா?" என்று கேட்டு எழுதுவாள். "இதை இன்னொரு தரம் பார்க்கறீங்களா?" என்று போய்ச் சேரும். குழுவில் சண்டை நின்றது. "உங்க ஆளுங்க மட்டும் எப்படிய்யா இவ்வளவு ஒத்துமையா இருக்காங்க?" என்று மேலதிகாரி எல்லோர் முன்னாலும் கேட்டார். சின்னச் சின்ன அன்புதான் சார் என்றேன். அது பொய்யில்லை.

குழுவில் சித்தப்பா என்று ஒருவர் இருந்தார். உண்மையில் அவர் யாருக்கும் சித்தப்பா இல்லை. சேர்ந்த முதல் நாளே எல்லோரிடமும் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டு வந்ததால் அந்தப் பெயர்.

"சித்தப்பா, உங்க புரோகிராம் ஓடுது, நீங்கதான் நடக்கறீங்க" என்பாள் டெஸ்டர்.

"ஓடுறது கீழ விழும் தங்கச்சி. நடக்கறதுதான் வீடு போய்ச் சேரும்" என்பார்.

அந்த மழைக்காலத்தில் அவர் நடையும் குறைந்தது. அவர் மனைவி தன் அக்காவின் பிரசவத்துக்கு உதவ ஊருக்குப் போயிருந்தார். வீட்டில் இவர் தனி. கேலிக்குப் பதில் சொல்வதை நிறுத்தினார். எங்கள் கருவியின் புதிய பதிப்பு வெளிவர மூன்று நாட்களே இருந்தன. அப்போது குழுவுக்கு ஒரு வரி எழுதினார்.

"என்னால முடியல."

முடிவெடுக்கத் தெரியாத வரிகளை இதமாக்கி என் திரைக்கு அனுப்பிவிடும். இதுவும் வந்தது. சிரித்து உருண்டாலும் 'முடியல' என்றுதான் எழுதுகிறார்கள். இயந்திரம் பாவம், என்ன செய்யும்? எனக்குக் குழப்பமில்லை. மற்றவர்கள் பயந்துவிடக் கூடாதே என்று ஒரு சொல் சேர்த்தேன்.

"இன்னைக்கு என்னால முடியல."

"பரவால்ல சித்தப்பா, போய் நல்லாத் தூங்குங்க. நாளைக்குப் பின்னிடலாம்" என்று டெஸ்டர் எழுதினாள்.

இரண்டு நாள் கழித்து மறுபடி எழுதினார். "இனிமே வரமாட்டேன். யாராவது ஒருத்தர் வீட்டுக்கு வர முடியுமா?" நான் 'இனிமே'யை எடுத்துவிட்டு 'நாளைக்கு' என்று வைத்தேன். இரண்டாவது வாக்கியத்தை "எல்லாரும் நல்லாப் பண்ணுங்க" என்று மாற்றினேன். ஒவ்வொருவராக இதயக் குறி போட்டார்கள்.

அவர் திரையில், அவர் கேட்ட கேள்விக்குக் கீழே, அந்த இதயங்கள் வரிசையாக நின்றன. வெகுநேரம் அவர் அந்தப் பக்கத்தை மூடவில்லை. வேலையில் மூழ்கியிருக்கிறார் என்று தரவுப் பலகை அவர் பெயரைப் பச்சையாகக் காட்டியது. அன்றைய பிரார்த்தனையில் அவர் பெயரையும் சேர்த்துக்கொண்டேன். மறுநாள் பதிப்பு குறையில்லாமல் வெளிவந்தது. அதற்கு மறுநாள் கதவை உடைத்துத்தான் அவர் வீட்டுக்குள் போனார்கள்.

அவர் மனைவிக்கு நான்தான் ஆறுதல் சொன்னேன். "உங்களையெல்லாம் கூடப் பொறந்தவங்க மாதிரித்தான் பேசுவாரு. யார்கிட்டயாவது ஒரு வார்த்தை சொன்னாராண்ணே?" என்று கேட்டார்.

"இல்லம்மா. சிரிச்ச முகமாத்தான் இருந்தாரு."

"அப்ப நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார். கையைப் பிடித்துத் தடுத்தேன். நீங்களே உங்களை மன்னிக்கப் பழகணும்மா என்றேன். அவர் அழுகை சற்று அடங்கியது.

டெஸ்டர்தான் கண்டுபிடித்தாள். துக்கம் கேட்கப் போன இடத்தில் அந்த அம்மா அவர் போனைக் காட்டியிருக்கிறார். நேரே என் அறைக்கு வந்தாள், செருப்பில் சேற்றோடு.

"சார், எங்களுக்கு வந்ததுல 'இன்னைக்கு'ன்னு இருக்கு. அவர் போன்ல அது இல்ல. வீட்டுக்கு வாங்கன்னு கேட்டிருக்காரு சார். நான் இதயம் போட்டிருக்கேன்."

"நீ மனசுல எதுவும் வச்சுக்காதம்மா."

"யார் மாத்தினது?"

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

இப்போது நான் இருக்கும் அறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, பழைய குளிரூட்டி. எதிரில் ஒரு பெண் விசாரணை அதிகாரி. என் மகளைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். சித்தப்பா என்ன கேட்கிறார் என்று அன்றைக்கே உங்களுக்குப் புரிந்ததா என்று கேட்டார். புரிந்தது என்றேன். இரண்டு தடவையும் புரிந்தது. யாராவது போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டார். பிழைத்திருப்பார் என்றேன். ஆனால் மற்றவர்களுடைய அந்த வாரம் பாழாகியிருக்கும். ஒருவருக்காக எல்லோரையும் நோகடிப்பது அன்பாகாது என்பதையும் சொன்னேன். அவர் தட்டச்சு செய்துகொண்டே இருந்தார்.

நடுவில் நான் இரண்டு முறை தும்மினேன். கேட்காமலே எழுந்து குளிரூட்டியை அணைத்தார். தன் குடுவையிலிருந்து வெந்நீர் ஊற்றிக் கொடுத்தார். உலகம் இந்த மாதிரி மனிதர்களால்தான் நிற்கிறது. இதற்கு எப்படிக் கைமாறு செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

போன் வந்து அவர் வெளியே போனார். மடிக்கணினி திறந்தே இருந்தது. அவருடைய குறிப்பின் கடைசி வரியில் 'இவருக்கு வருத்தம் இல்லை' என்று இருந்தது. இப்படி ஒரு வரியை எழுதிவிட்டு அந்தப் பெண் வீட்டுக்குப் போய் எப்படித் தூங்குவாள்?

காலடி ஓசை திரும்பி வருவதற்குள் 'இல்லை'யை எடுத்துவிட்டு 'உண்டு' என்று வைத்தேன்.