மானேஜரின் ‘அபவுட்’

“ஏன்னா, ஒரு ‘அபவுட்’டுக்காக யாராவது உத்தியோகத்தை விடுவாளா?”

பம்பாய் மாதுங்கா ஸ்டேஷனில், காலை வண்டிக்காக எனக்கு முன்னால் நின்றிருந்த பெண்மணி கணவரைக் கேட்டாள். அந்த இங்கிலீஷ் வார்த்தை எங்கே வரும், எங்கே வராது என்பதில் எனக்கு இன்றுவரை சந்தேகம். பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டு காதைக் கொடுத்தேன்.

“‘டிஸ்கஸ்’ஸுக்குப் பின்னால ‘அபவுட்’ வரப்படாதுடி. மானேஜர் லெட்டர் சொல்றச்சே அதைச் சேர்த்துச் சொன்னார், டைப் அடிக்கறச்சே நான் எடுத்துட்டேன். அவர் பேனாவால மறுபடி சேர்த்தார். நான் மறுபடி எடுத்தேன்.”

“இன்னிக்கு?”

“சொன்னபடி அடிக்கலேன்னா வேற ஸ்டெனோ பார்த்துப்பாராம். மதராஸின்னா இங்கிலீஷ் சுத்தமா இருக்கும்னுதானே என்னை எடுத்தார்?”

“ஆத்துல என் இங்கிலீஷைத் திருத்தறேளோ?”

“அதுக்குத் தைரியம் வேணுமே.”

“ஆபீஸ்லயும் அந்தத் தைரியம் வேண்டாம். கையெழுத்துப் போடறது அவர்தானே? தப்பு அவரோடது.”

“இடது பக்கம் அடியில, டைப் அடிச்சவன்னு என் இனிஷியலும் இருக்கும்டி. படிக்கறவா என்னைப் பத்தி என்ன நினைப்பா?”

வண்டி வந்தது. பெண்கள் பெட்டியை நோக்கி நடந்தவள் திரும்பி நின்றாள்.

“இன்னிக்கு மட்டும் அந்த இனிஷியலை அடிக்காதேங்கோ.”

“அப்போ அதை யார் அடிச்சதாம்?”

“யாரோ ஒரு குடும்பஸ்தன்.”