லேபிள் பார்க்காமல் படித்த டேப்புகள்

நான் காலையில் சீக்கிரம் வேலைக்கு வருகிற ஆள், சார். பிரிக்பீல்ட்ஸில் எட்டு மணி தாண்டினால் மோட்டார் சைக்கிள் நிறுத்தக்கூட இடம் கிடைக்காது.

பழைய மெயின்ஃபிரேம் கம்ப்யூட்டர் டேப்புகளைப் படித்து டிஸ்க்கில் ஏற்றுவது என் வேலை. ஒரு தோட்ட நிர்வாகம் அறுநூறு டேப் அனுப்பியது. கிள்ளான் கிடங்கில் வெள்ளம் புகுந்து ஸ்டிக்கர்கள் உரிந்துபோக, யாரோ கைக்கு வந்தபடி திரும்ப ஒட்டியிருந்தார்கள். ஒவ்வொரு டேப்பின் தொடக்கத்திலும் அதன் உண்மையான எண் பதிந்திருக்கும். அதுதான் லேபிள். வெளியே ஒட்டிய எண்ணோடு அது பொருந்தாவிட்டால் மெஷின் நின்றுவிடும். லேபிளைப் பார்க்காதே என்று ஒரு கட்டளை கொடுத்தால் நிற்காது. எதைப் போட்டாலும் வெளியே ஒட்டிய எண்ணிலேயே படித்து ஏற்றிவிடும்.

மெஷின் வாடகைக்கு வந்தது, மாதக் கடைசியில் எடுத்துப்போக இருந்தார்கள். என் மனைவி கெர்ட்ரூட்டுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், இரண்டு மணிக்கு நான் கிளம்பியாக வேண்டும். முதல் பத்து டேப்பில் ஏழு முறை நின்றது. கட்டளையைக் கொடுத்தேன். அறுநூறும் முடிந்தன. 'சரிபார்க்கப்பட்டது' என்று கையெழுத்துப் போட்டேன்.

மெஷின் போக ஐந்து நாள் இருக்கும்போது உஷாராணி வந்தார். கேரி தீவுத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிறந்தவர். முப்பத்தேழு வயதாகியும் பிறப்புப் பத்திரம் இல்லை, ஐசி என்கிற அடையாள அட்டையும் இல்லை.

"அண்ணே, நான் அங்கதான் பொறந்தேன்னு ஒரு பேப்பர் போதும். குடியுரிமைக்கு அடுத்த மாசம் கடைசி விசாரணை. இதுவும் போச்சுன்னா இனிமே எங்கயும் போய் நிக்க எனக்குத் தெம்பில்ல."

டிஸ்க்கில் கேரி தீவுப் பிறப்புப் பதிவு என்றிருந்ததைத் திறந்தேன். உள்ளே பந்திங்கில் பெய்த மழையின் அளவு இருந்தது.

"தேடிப் பாக்கறேன்லா. வியாழக்கிழமை வாங்க," என்றேன்.

உண்மையாகவே தேடினேன். இந்த முறை லேபிளைப் பார்த்துப் படித்தேன். இரண்டாம் நாள் அவருடைய பதிவு கிடைத்தது. தாய் பெயர் லெட்சுமி, பெண் குழந்தை, ஐந்தரை ராத்தல், விடிகாலை.

அதைக் கொடுத்தால் எங்கே இருந்தது என்று கேட்பார்கள். அறுநூறையும் திரும்பப் பார்ப்பார்கள். என் வேலை போகும். கெர்ட்ரூட்டின் சிகிச்சை கம்பெனி கார்டில் நடக்கிறது. நீங்களே யோசித்துப் பாருங்கள்.

புதன்கிழமை, படித்து முடித்த டேப்புகளை அரைத்து அழிக்க எடுத்துப்போக லோரி வந்தது. அவர் பதிவு இருந்த டேப்பின் பெட்டியை நானே தூக்கி ஏற்றினேன். கம்ப்யூட்டரில் படித்து வைத்திருந்ததையும் அழித்தேன். மறுநாள், பதிவு எதுவும் இல்லை என்று அவருக்குக் கடிதம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். மடித்துப் பையில் வைத்தார்.

"பரவால்லண்ணே. நீங்களாவது தேடிப் பாத்தீங்க."

போன மாதம் அவர் தன்னை மாய்த்துக்கொண்டபோது அந்தக் கடிதம் பையில் இருந்தது என்கிறீர்கள். இருக்கும். இன்னொரு முறை படித்துப் பாருங்கள், சார். வியாழக்கிழமை தேதி போட்டிருக்கிறேன். அன்றைக்கு எங்களிடம் எந்தப் பதிவும் இல்லை. நான் ஒரு வரிகூடப் பொய் எழுதவில்லை.