அமெரிக்கப் பாட்டுக்காரருக்கு ஓர் அர்ச்சனை

இதை எழுதலாமா என்று பல வருடம் தயங்கினேன். கண்டியிலிருந்து புசல்லாவை போகும் பஸ்ஸில், மடியில் அர்ச்சனைத் தட்டு வைத்திருந்த ஓர் அம்மா பக்கத்திலிருந்த தோழியிடம் சொன்னார்:

“அந்த அமெரிக்காப் பாட்டுக்காரருக்கு அர்ச்சனை பண்ணிட்டு வர்றேன்.”

“வெள்ளக்காரனுக்கா?”

“ஊரு ஊரா பாடிப் பேரெடுத்த மனுஷன். தொண்டை போயி பாட்டையே விட்டுட்டாராம், ரேடியோவுல சொன்னாங்க. தொர பங்களாவுல சமைக்கயில கேட்ட நாள்லேருந்து எங்க வீட்டுக்காரருக்கு அவரு பாட்டுன்னா உசுரு. வாதம் வந்து பேச்சு நின்ன பொறகும், ரேடியோவுல அந்தப் பாட்டுக்காரரு புதுப்பாட்டு வந்தா ஒதட்ட அசைப்பாரு.”

“ஐயரு நட்சத்திரம் கேட்டிருப்பாரே?”

“பாட்டுக்காரரு பேரச் சொன்னேன். நட்சத்திரம் தெரியாம எங்க வீட்டுக்காரரோட ரோகிணியச் சொல்லிட்டேன்.”

“அப்ப பலன் யாருக்குடி போவும்?”

“யாருக்குப் போனாலும் எங்க வீட்டுல ஒரு கொரலு கேக்கும்.”

முருகன் அறிய நான் கேட்டது இவ்வளவே. பிறரிடம் சொல்பவர்கள் ஒரு சொல்லும் கூட்டாமல் சொல்லுங்கள்.