ஒரு வாளி ஹால்வோர்

— பாத்து, பாத்து! அந்த ஒயரைத் தொடாதீங்க கெர்டா. பம்பு நின்னா எல்லாம் நாசமாப் போயிடும்.

— நான் எங்க தொட்டேன்? அதுவா கால்ல மாட்டுது. கொல்லை பூரா ஒயரும் குழாயுமா போட்டு வெச்சா மனுஷி எங்க நடக்கறது?

— அதுக்குத்தான் உள்ள வந்து உக்காருங்கன்னு சொல்றேன். உங்க ஊரு வெனாட்சிலேருந்து மலையேறி எறங்கி நாலு மணி நேரம் வண்டி ஓட்டிக்கிட்டு வந்திருக்கீங்க. காப்பி சூடா இருக்கு. ஏலக்காய் ரொட்டி காலைலதான் சுட்டேன்.

— ரொட்டி திங்க வரல நோரீன். கேட்டதுக்குப் பதில் சொல்லு. ஒரு வாளி மண்ணு. தருவியா, மாட்டியா?

— அது மண்ணு இல்ல. என் புருஷன்.

— எனக்கும் பதினோரு வருஷம் புருஷனா இருந்தவன்தான்.

— எனக்கு இருபத்தாறு வருஷம்.

— இந்தா பாரு, உன்கூடப் போட்டி போட வரல. அவனை எரிக்காம, பொதைக்காம, எங்கயோ குடுத்து மண்ணா மாத்தி வாங்கிட்டேன்னு கேள்விப்பட்டேன். ஒரு வண்டி நெறைய வந்துச்சாமே. அதுல ஒரு வாளி குறைஞ்சா உனக்கு என்ன கொள்ளை போச்சு?

— அவர் எழுதி வெச்சுட்டுப் போனது அது, நானா செய்யல தெரியுமா. மரத்தூளும் வைக்கோலுமா பெட்டில படுக்க வெச்சு, ரெண்டு மாசம் உள்ள காத்து அடிச்சுக்கிட்டே இருந்தாங்க. ரோஜாவுக்கு உரம் போட்ட மனுஷன் ரோஜாவுக்கே உரமாப் போறேன்னார். நான் ஒரு வாரம் அழுதேன். அப்புறம் சரின்னேன்.

— சரி, அது என்ன எழவு அந்தப் பீப்பாய்ல, கொதிக்கற மாதிரி நுரை தள்ளிக்கிட்டு?

— உர டீ.

— என்ன டீ?

— செடிக்குக் குடுக்கற டீ. கொதிக்கல, பச்சத் தண்ணிதான். அடில மீன் தொட்டிக்கு வைக்கற காத்துக் கல்லு நாலு கெடக்கு. பம்பு காத்தை ஊதிக்கிட்டே இருக்கும். துணிப்பையில மக்குன உரத்தைப் போட்டு தொங்கவிட்டு, கொஞ்சம் வெல்லப்பாகு, கொஞ்சம் கடல்பாசித் தூளு. ஒரு பகல் ஒரு ராத்திரி ஓடினா உரத்துல இருக்கற நல்ல உசுரெல்லாம் கோடி கோடியாப் பெருகிடும். அதை எடுத்து எலைக்குத் தெளிச்சு, வேருக்கு ஊத்தணும். எங்க ஊரு மழைக்கு ரோஜா எலையெல்லாம் கரும்புள்ளி விழும் தெரியுமா. இது ஊத்தினா விழாது.

— துணிப்பையில என்ன உரம் போட்டிருக்க?

— காப்பி ஆறுது, உள்ள வாங்க.

— நோரீன்?

— ஹால்வோர்தான்.

— அடக் கருமமே! டீப் பை மாதிரி தொங்கவிட்டிருக்கியா அவனை?

— அதுவும் அவர் எழுதி வெச்சதுதான். 'மொதல் ரெண்டு பிடியை டீ போட்டு, நம்ம ரோஜா சங்கத்து ஆளுங்களுக்கு ஆளுக்கொரு குடுவை குடு'ன்னு. இன்னிக்கு நாலு மணிக்கு பதினெட்டுப் பேரு வர்றாங்க. சிரிக்காதீங்க கெர்டா.

— சிரிக்காம? என் கல்யாணத்துல கோட்டுப் போட்டுக்கிட்டு நின்னவன், துணில கட்டித் தொங்கறான். அதைப் போறவன் வர்றவனுக்கெல்லாம் குடுவை குடுவையா ஊத்திக் குடுக்கப் போற. அவன் பெத்த புள்ளை கல்லறைக்கு ஒரு வாளின்னா மட்டும் உனக்குக் கை வர மாட்டேங்குது.

— வாசனை எப்படி இருக்கு பாருங்க. நல்லா குனிஞ்சு பாருங்க. சாக்கடை நாத்தம் அடிச்சா கெட்டுப் போச்சுன்னு அர்த்தம். இது மழை பெஞ்ச காடு மாதிரி இருக்கும்.

— ம்... இந்த வாசனை எனக்குத் தெரியுமே.

— உங்க காலத்துல அவர் இதெல்லாம் போட மாட்டாராமே. இங்க போல்ஸ்போவுக்கு வந்தப்புறம் கத்துக்கிட்டதுதான்.

— இல்ல, எங்கயோ மோந்திருக்கேன். சரி, அது கெடக்கட்டும்.

— பைத்தியமா அலைஞ்சார் இந்த டீக்கு. இங்க கொல்லையில பாருங்க, நாப்பது செடி. ஒண்ணு வாடியிருக்கா? ஆனா அவருக்குத் திருப்தியே கெடையாது. 'ஒரே ஒரு செடி மட்டும் வேரு பிடிக்க மாட்டேங்குது நோரீன்'ம்பார். எந்தச் செடின்னு கேட்டா வாயே தெறக்க மாட்டார். ஒரு வருஷம் பாகைக் கூட்டுவார், ஒரு வருஷம் கொறைப்பார். மண்புழு உரத்துல போட்டார், குதிரைச் சாணில போட்டார். ரெண்டு பம்பு வெச்சார். வாளிக்கு மேல குனிஞ்சு நின்னு மோந்துக்கிட்டே இருப்பார். நான் ஒருத்தி வீட்ல இருக்கேங்கறதே மறந்து போகும்.

— அவன் எப்பவும் அப்படித்தான். பூன்னா போதும், பக்கத்துல யாரு செத்தாலும் தெரியாது.

— கெர்டா...

— என்ன கெர்டா? நான் பொய்யா சொல்றேன்? 'ஆப்பிள் பறிக்கப் போறேன், புள்ளையப் பாத்துக்கோ'ன்னு சொல்லிட்டுப் போனேன். இவன் ரோஜாவுல பக்கத்து மொட்டெல்லாம் கிள்ளிக்கிட்டு உக்காந்திருந்தான், ஏதோ கண்காட்சிக்குப் பெரிய பூவா வேணுமாம். வேலிக்கு அந்தப் பக்கம் பாசன வாய்க்கால். புள்ளை அதுல விழுந்துட்டான், ஏழு வயசுதான் அவனுக்கு. நான் வந்து பாத்தப்பவும் இவன் கையில மொட்டு இருந்துச்சு.

— அவர் அதை மறந்த நாளே கெடையாது.

— நானும்தான் மறக்கல. மறுநாளே கோடாலி எடுத்து அத்தனை செடியையும் வெட்டினேன். இன்னிக்கும் ரோஜான்னா எனக்கு ஆகாது. எங்க கண்டாலும் கை சும்மா இருக்காது. உன் கொல்லையில நான் இவ்வளவு நேரம் நிக்கறதே பெரிசு.

— இவ்வளவு கோபத்தை வெச்சுக்கிட்டு அவர் மண்ணு எதுக்கு உங்களுக்கு?

— எதுக்கா? உசுரோட இருந்தவரைக்கும் ஒரு தடவை வந்தானா புள்ளையப் பாக்க? ஒரே ஒரு தடவை? செத்தாவது வரட்டும். நாளான்னிக்கு என் புள்ளை நில்ஸ் போன நாளு. நானே தூக்கிட்டுப் போயி அவன் கால்மாட்டுல கொட்டுவேன். 'இந்தாடா கண்ணு, உங்கப்பன் வந்துட்டான்'னு சொல்லுவேன். எனக்கு எழுபத்தி ரெண்டாச்சு. முழங்கால் போச்சு. அடுத்த வருஷம் நான் போவேனோ மாட்டேனோ. அதுக்குள்ள அவனை அங்க கொண்டு போயி நிறுத்திடணும். அவ்வளவுதான்.

— நீங்கதானே வரக் கூடாதுன்னு சொன்னீங்க? அடக்கம் பண்ணின அன்னிக்கு, ஊரே நிக்கறப்ப, 'இந்தப் பக்கம் உன்னைக் கண்டேன், உன்னையும் இதே குழில எறக்கிடுவேன்'னு.

— சொன்னேன். ஆத்திரத்துல சொன்னேன். அதைக் கேட்டுக்கிட்டு முப்பது வருஷம் இருந்துடுவானா ஒரு அப்பன்? சண்டை போட்டிருக்க வேண்டாமா? என்னைத் தள்ளி விட்டுட்டு வந்திருக்க வேண்டாமா? நான் எத்தனை வருஷம் அந்தக் கல்லறை கேட்டைப் பாத்துக்கிட்டே நின்னேன்னு உனக்குத் தெரியுமா?

— எனக்குத் தெரிஞ்சது வேற. சொல்லவா?

— சொல்லு.

— வேண்டாம். இன்னிக்கு அவருக்காக ஆளுங்க வர்ற நாளு.

— சொல்லுங்கறேன்ல.

— சரி, கேளுங்க. உங்களுக்கு ஒரு பிடி கூட நான் தர மாட்டேன். ஏன்னா நீங்க ஏற்கெனவே வேணுங்கறதை எடுத்துக்கிட்டீங்க. செப்டம்பர் தோறும் ஒரு நாள், இருபத்தாறு வருஷம். இப்ப மொத்தமும் எனக்குத்தான்.

— என்ன ஒளர்ற?

— நான் முட்டாள் இல்ல கெர்டா. வருஷா வருஷம் அந்த நாளுக்கு முந்தின நாளே டீ போடுவார். விடியறதுக்குள்ள ஒரு வாளில ஊத்தி, மூடில ஓட்டை போட்டு வண்டில வெப்பார். 'ஸ்போகன்ல ரோஜாக் கண்காட்சி, பொழுது சாயறதுக்குள்ள வந்துடறேன்'ம்பார். ஒரு வருஷம் நான் ஃபோன் பண்ணிக் கேட்டேன். அப்படி ஒரு கண்காட்சியே கெடையாதுன்னுட்டாங்க. வண்டில ஓடின தூரத்தைப் பாத்தேன். சரியா வெனாட்சி போயிட்டு வர்ற தூரம். வேற யாரு இருக்கா அவருக்கு வெனாட்சில?

— என்கிட்ட வந்தான்னா நெனைக்கற?

— பின்ன? வரும்போது கண்ணெல்லாம் வீங்கிப் போயிருக்கும். அன்னிக்கு என்கூட ஒரு வார்த்தை பேச மாட்டார். நான் சாப்பாட்டை வெச்சுட்டுப் பேசாம போயிடுவேன். ஒரு நாள்தானே, மிச்ச நாளெல்லாம் என்னோடதுதானேன்னு என்னை நானே தேத்திக்குவேன். அது எவ்வளவு அசிங்கமா இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாது.

— நோரீன், நில்ஸ் மேல சத்தியமா சொல்றேன். முப்பது வருஷத்துல அவன் நிழல் என் வாசல்ல விழல.

— பொய்.

— புள்ளை மேல சத்தியம் பண்ணிப் பொய் சொல்லுவேனா? அவன் மூஞ்சிய நான் கடைசியாப் பாத்தது அந்தக் குழிக்குப் பக்கத்துலதான்.

— அப்ப எங்கதான் போனார்? வாளி எதுக்கு? காத்து நின்னா நாலு மணி நேரத்துல டீ செத்துடும். வழில சாகக் கூடாதுன்னு மீன் பிடிக்கறவங்க தூண்டில் மீனுக்கு வெச்சிருக்கற பேட்டரி பம்பு இருக்கே, அதை வாளில மாட்டிக்கிட்டுப் போவார். அவ்வளவு பத்திரமாத் தூக்கிக்கிட்டு ஒருத்தர் எங்க போவார்?

— எந்த நாளு?

— என்னது?

— எந்தத் தேதில போவான்? சரியாச் சொல்லு.

— பதினாலு. மழையோ காய்ச்சலோ, செப்டம்பர் பதினாலு தவறாது. போன வருஷம் நடக்கவே முடியல, அப்பவும் போனார்.

— நில்ஸ் போனது பதினஞ்சு. நான் கல்லறைக்குப் போறது பதினஞ்சு காலைல. வருஷா வருஷம். அது அவனுக்குத் தெரியும்.

— ஐயோ. கெர்டா! புள்ளைகிட்டதான் போயிருக்கார். உங்க கண்ணுல படக் கூடாதுன்னு முந்தின நாளே போயிருக்கார். நீங்க சொன்னதையும் மீறல, புள்ளையையும் விடல. அட என் தங்கமே, ஹால்வோர், என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் உன்கூட வந்திருப்பேனே! இருபத்தாறு வருஷம் உன்னைப் போயி இந்தப் பொம்பளையோட சேத்து வெச்சு...

— நோரீன்.

— ஒண்ணு இல்ல, ரெண்டு வாளி எடுத்துக்குங்க. இருங்க, ஷெட்டுல நல்ல வாளி இருக்கு. இந்த டீயும் ஒரு வாளி தர்றேன். இந்தாங்க, அந்தப் பேட்டரி பம்பு. அவரோடதேதான். போற வழில நிக்காம ஓடும்.

— நோரீன், வெறும் டீயை மட்டுமா கொண்டு போவான்?

— இல்ல, ஒரு தொட்டியும் இருக்கும், சாக்கு போட்டு மூடி. செவப்பு ரோஜா. வருஷம் பூரா பாத்துப் பாத்து வளப்பார். பதினாலாம் தேதிக்குப் பூ விரிஞ்சிருக்கணும்னு ஜூலைலேருந்தே கிள்ளிக்கிட்டு உக்காந்திருப்பார். நான் அது உங்களுக்குன்னு நெனைச்சு... ஏன் இப்படி நிக்கறீங்க? உக்காருங்க.

— கல்லறையில தண்ணி ஊத்தற ஆளு ஊத்தினதுன்னு நெனைச்சேன். எங்க ஊரு காஞ்ச பூமி. ஆனா அன்னிக்கு மட்டும் மண்ணு கறுப்பா, ஈரமா இருக்கும். இதே வாசனை.

— பாத்தீங்களா! வந்திருக்கார். இனிமே அவர் மேல கோபப்படாதீங்க. ஆமா கெர்டா, அப்ப அதுதானா? அந்த ஒரு செடி! வேரு பிடிக்க மாட்டேங்குதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரே, அது புள்ளைக்கு வெச்ச செடியா? பாவி மனுஷா! வருஷா வருஷம் போயி வருஷா வருஷம் காணாம, திரும்பி வந்து பாகைக் கூட்டி, பாகைக் கொறைச்சு... கடைசில ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டும் சொன்னார் தெரியுமா? 'என் கை ஆகல நோரீன், அந்த மண்ணு என்னை ஏத்துக்கல'ன்னு. நான் மருந்து மயக்கத்துல பேசறார்னு நெனைச்சேன்.

— யாரோ சர்ச்சுப் பொம்பளைங்க வெக்கறாங்கன்னு நெனைச்சேன்.

— எதை?

— அவன் டீயில ஒரு குறையும் இல்ல நோரீன். ஒவ்வொரு பதினஞ்சாம் தேதியும் அந்த ரோஜாச் செடி பூவோடதான் நின்னுச்சு. நான்தான் வேரோட பிடுங்கிட்டுப் போயி அந்த வாய்க்கால்லயே வீசினேன்.