கொடியில் நான்கு பல்தடங்கள்

வெள்ளியைத் துலக்கச் சீமைச் சுண்ணாம்புத் தூள் போதும். கடையில் விற்கும் திரவங்களை நம்பாதீர்கள். முப்பத்தொரு வருடமாக எங்கள் நகர அருங்காட்சியகத்தில் இதைத்தான் சொல்லிவருகிறேன், யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. நீங்களாவது குறித்துக்கொள்கிறீர்கள், சந்தோஷம்.

செக் நாட்டு மொராவியாவில் எங்களுடையது சின்ன ஊர். 1942-இல் நாஜிகள் யூதர்களை வதைமுகாமுக்கு ரயிலேற்றி அனுப்பிய பிறகு அவர்கள் வீட்டு வெள்ளியெல்லாம் எங்கள் கிடங்குக்கு வந்து சேர்ந்தது. அரை நூற்றாண்டாகப் பூட்டிக் கிடந்ததை எடுத்துக் கண்காட்சி வைக்கலாம் என்பது என் யோசனைதான். உரியவர்கள் அடையாளம் சொன்னால் திருப்பித் தருவோம் என்று செய்தித்தாளில் போட்டதும் நான்தான். வருவதற்கு யார் இருக்கிறார்கள் என்ற தைரியம்.

கண்காட்சியின் மாப்பிள்ளை ஒரு வெள்ளி வாசனைக் கோபுரம். சனிக்கிழமை அந்தியில் யூதர்கள் ஓய்வுநாளை வழியனுப்பும்போது, உள்ளே கிராம்பு போட்டு வீட்டில் எல்லோரும் முகர்ந்து பார்ப்பார்களே, அது. ஒரு சாண் உயரம், உச்சியில் மெல்லிய தகட்டுக் கொடி. சுவரொட்டியிலும் அதுதான். "என்னைவிட அதைத்தான் ஆசையா தொடுறீங்க" என்பாள் என் மனைவி ஸ்தென்கா. பொய்யில்லை.

இஸ்ரேலின் ஹைஃபாவிலிருந்து ஹெட்விகா என்ற அம்மாள் கடிதம் எழுதினார். தம்பி ஓட்டிக்குக்குப் பல் முளைத்தபோது அந்தக் கொடியைக் கடித்துவிட்டானாம். நான்கு பள்ளங்கள் இருக்குமாம். அவனுக்குப் புகைப்படம் இல்லை, கல்லறையும் இல்லை, அந்தத் தடம்தான் மிச்சம் என்று முடித்திருந்தார். படித்து அழுதுவிட்டேன். எனக்கு இளகின மனசு.

ஆனால் கோபுரம் போய்விட்டால் கண்காட்சியில் என்ன இருக்கும்? ஊருக்கே நஷ்டம். மரச்சுத்தியலை எடுத்தேன். பத்து நிமிட வேலை, சீட்டியடித்துக்கொண்டே செய்தேன். பள்ளம் என்பது கலைப்பொருளுக்கு ஊனம். என்றைக்காவது சரிசெய்ய வேண்டியதுதானே.

ஜூனில் அவர் வந்தார். கோபுரத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"இதேதாங்க. அப்பா கையில பார்த்த மாதிரியே இருக்கு."

கொடியைக் கட்டைவிரலால் தடவினார். திருப்பித் தடவினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"நிதானமா பாருங்கம்மா, அவசரமே இல்ல," என்றேன்.

"இல்லீங்க. இது எங்களுது இல்ல. உங்கள வேற சிரமப்படுத்திட்டேன்."

"அட, இதுல என்னம்மா சிரமம். ஒரே பட்டறையில இந்த மாதிரி நூறு செஞ்சிருப்பாங்க."

"பாவம், யாரு வீட்டுதோ. அவங்களாவது வந்து வாங்கிக்கட்டும்."

காபியும் ஸ்தென்கா சுட்ட கசகசா ரொட்டியும் கொடுத்தேன். இரண்டு சாப்பிட்டார். பேருந்து நிலையம் வரை அவர் பெட்டியைச் சுமந்துபோனேன். சிரித்தபடிதான் கையசைத்தார். அன்று முழுவதும் எனக்கு உற்சாகமாக இருந்தது.

நீங்கள் விசாரணைக்காக மேசையில் வைத்திருக்கும் கிடங்குப் பட்டியல் அட்டை உண்மையானதுதான். அந்த அட்டைகளை எழுதியவர்களும் யூதர்களே. அவர்களுடைய ரயில் வரும்வரை நாஜிகள் அந்த வேலையைக் கொடுத்திருந்தார்கள். "கொடியில் குழந்தையின் பல்தடம், நான்கு." மணிமணியான கையெழுத்து. அதைப் பார்க்க மறந்தது என் தப்பு. ஆம், தடத்தை அழித்தது நான்தான், கடிதத்தைப் படித்த பிறகுதான். ஆனால் ஓட்டிக்குக்கு நான் ஒரு தீங்கும் செய்யவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவனை ரயிலேற்றியபோது எனக்கும் இரண்டு வயதுதான்.